ஒரே வளையம், பல சரக்கு: செடிக்குள் என்.ஏ.டி.யும் அதன் உறவு அல்கலாய்டுகளும்

விருத்தாசலம், பண்ருட்டி பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைகளில் வரப்போரமாக ஆமணக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எண்ணெய்க்காக வைத்ததல்ல. இலை தின்னும் புழுவான புரொடீனியாவின் தாய் அந்துப்பூச்சி அகன்ற இலையைத் தேடி வந்து கூட்டமாக முட்டையிடும். முட்டைக் குவியலோடு அந்த இலையைக் கிள்ளி அழித்துவிட்டால் மல்லாட்டைக்கு வரும் புழு குறையும். ஆமணக்கைப் பொறிப்பயிர் என்று சொல்வது இதனால்தான்.

இதில் ஒரு விநோதம் உண்டு. அந்த இலைக்குள் ரிசினின் என்ற அல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் கொண்ட செடிச் சேர்மம், இருக்கிறது. ஆடுமாடு வயிறு நிறையத் தின்றால் நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். புரொடீனியா புழுவோ, காவடிப்புழுவோ அதைக் கண்டுகொள்வதே இல்லை. எரி பட்டுப்புழுவை வளர்ப்பதே இந்த இலையில்தான். விதையிலுள்ள ரிசின் வேறு, இலையிலும் விதைத் தோலிலும் உள்ள ரிசினின் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரிசின் ஒரு பெரிய புரதம், கொதிக்க வைத்தால் குலைந்துபோகும். ரிசினின் சின்ன மூலக்கூறு, சமையல் சூட்டுக்கு அசையாது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் குழப்பி எழுதிய குறிப்புகள் ஏராளம்.

ரிசினினின் நடுவில் இருப்பது ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த ஆறணு வளையம். பிரிடின் வளையம் என்பார்கள். வெந்தயத்தின் ட்ரைகோனெல்லினில் இருப்பதும் புகையிலையின் நிகோடினில் இருப்பதும் அதே வளையம்தான். செடி அதைச் செய்ய ஆரம்பித்தது இவற்றுக்காக அல்ல. ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரஜனைச் சுமந்து திரியும் என்.ஏ.டி. என்ற துணைநொதிக்காகத்தான் (நொதிகளோடு சேர்ந்து வேலை செய்யும் சின்ன மூலக்கூறு) அந்தப் பட்டறையே இருக்கிறது. மற்றவை அந்தப் பட்டறையின் பக்கவாசலில் வெளியேறும் சரக்கு. அப்படிப் பார்த்தால்தான் இந்த அல்கலாய்டுகள் ஏன் இவ்வளவு செடிகளில் தலைகாட்டுகின்றன என்பது பிடிபடும்.

என்.ஏ.டி. தெரியவந்த கதை ஈஸ்டில் தொடங்குகிறது. 1906இல் ஹார்டனும் யங்கும் ஈஸ்ட் சாற்றை வடிகட்டி இரண்டாகப் பிரித்தார்கள். பெரிய மூலக்கூறுகள் தங்கிய பகுதி தனியாக நொதிக்கவில்லை, வடிந்த பகுதியும் நொதிக்கவில்லை. சேர்த்தால் நொதித்தது. வடிந்த பகுதியைக் கொதிக்க வைத்த பிறகும் அது வேலை செய்தது. ஆக, அதிலிருப்பது புரதமல்ல, சூடு தாங்கும் சின்னப் பொருள். அதன் வேலை செய்யும் முனை நிகோடினமைடு வளையம் என்பதை 1930களின் நடுவில் வார்பர்க் குழு காட்டியது. அந்த வளையத்தின் நான்காம் இடத்துக் கார்பன் இரண்டு எலக்ட்ரான்களோடு ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், இன்னோரிடத்தில் விட்டுவிடும். இந்தப் பிடித்தலும் விடுதலும்தான் அதன் பிழைப்பு.

வளையம் கட்டப்படும் இடம் பசுங்கணிகம். முதல் மூன்று படிகளும் அங்கே நடக்கின்றன. மூலப்பொருள் அஸ்பார்டிக் அமிலம். அஸ்பார்டேட் ஆக்சிடேஸ் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி இமினோ அஸ்பார்டேட் ஆக்குகிறது. ஆக்சிஜன் செலவாகிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு மிஞ்சுகிறது. இமினோ அஸ்பார்டேட்டுக்கு ஆயுள் குறைவு. தண்ணீரில் விட்டால் சில நிமிடங்களில் ஆக்சலோஅசிட்டேட்டும் அம்மோனியாவுமாகச் சிதைந்துவிடும். அதற்குள் இரண்டாவது நொதியான குயினோலினேட் சின்தேஸ் அதைப் பிடித்து, சர்க்கரைச் சிதைவில் கிடைக்கும் மூன்று கார்பன் துண்டான டைஹைட்ராக்சி அசிட்டோன் பாஸ்பேட்டோடு கோத்து வளையமாக மூட வேண்டும். கிடைப்பது குயினோலினிக் அமிலம். வளையத்தின் நைட்ரஜனும் இரண்டு கார்பனும் அஸ்பார்டிக் அமிலத்தின் சொத்து, மீதி மூன்று கார்பன் சர்க்கரையின் சொத்து.

இந்த இரண்டாம் நொதிதான் சங்கிலியின் நோஞ்சான். அதன் மையத்தில் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் சேர்ந்த கொத்து ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் அது சிதையும். வெயிலில் ஆக்சிஜனைக் கொப்பளிக்கும் பசுங்கணிகத்துக்குள் இப்படியொரு நொதியை வைத்திருப்பது முரண்தான். ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் சின்னச் செடியான அராபிடாப்சிஸ் அதற்கு வழி கண்டிருக்கிறது. இரும்பு கந்தகக் கொத்தைக் கட்டித்தர உதவும் புரதப் பகுதி, நொதியோடே ஒட்டிய ஒரே புரதமாக வருகிறது. வண்டியோடு மெக்கானிக்கையும் ஏற்றி அனுப்பிய மாதிரி. இந்த நொதியில் சிறு பழுதுள்ள திடீர்மாற்றச் செடிகளில் இலை காலத்துக்கு முன்பே முதிர்ந்துவிடுகிறது. மரபணுவை முழுதாக நீக்கினால் கரு நிலையிலேயே விதை செத்துப்போகும். முதல் மூன்று மரபணுக்களில் எதை நீக்கினாலும் இதே கதிதான்.

மூன்றாவது நொதி குயினோலினேட் பாஸ்போரிபோசில் ட்ரான்ஸ்பெரேஸ். பெயர் நீளம், ஆனால் இந்தக் கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டிய ஒரே நொதி என்றால் இதுதான். இது வளையத்தின் மேல் ரிபோஸ் பாஸ்பேட்டை ஏற்றி, ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி, நிகோடினிக் அமில மோனோ நியூக்ளியோடைடு ஆக்குகிறது. பிறகு ஏ.டி.பி.யிலிருந்து அடினைல் பகுதி ஒட்டுகிறது. கடைசியாக குளூட்டமின் தரும் நைட்ரஜனால் அமிலம் அமைடாக மாற, என்.ஏ.டி. தயார். அதன்மேல் இன்னொரு பாஸ்பேட் ஏறினால் என்.ஏ.டி.பி. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது இந்த இரண்டாமவர்.

நம் உடலும் பூஞ்சைகளும் இந்த வளையத்தை ட்ரிப்டோபானிலிருந்து செய்கின்றன. சுமார் 60 மில்லிகிராம் ட்ரிப்டோபானுக்கு 1 மில்லிகிராம் நியாசின் (நிகோடினிக் அமிலம், நிகோடினமைடு இரண்டுக்கும் பொதுப்பெயர்) என்பது சத்துணவுக் கணக்கு. அது போதாததால்தான் நமக்கு அது வைட்டமின். செடிக்கு அந்தக் கவலை இல்லை.

செய்த என்.ஏ.டி. அப்படியே கிடப்பதில்லை. ஹைட்ரஜன் சுமக்கும்போது அது செலவாவதில்லை, திரும்பத் திரும்பப் பயன்படும். டி.என்.ஏ. பழுது பார்க்கும் நொதிகளோ அதை வெட்டிப் பாதியை எடுத்துக்கொண்டு நிகோடினமைடைத் துப்பிவிடும். அந்தத் துண்டை வீணாக்காமல் மறுபடி என்.ஏ.டி. ஆக்கும் சுற்றுக்குப் பிரிடின் நியூக்ளியோடைடு சுழற்சி என்று பெயர். பாலூட்டிகள் நிகோடினமைடை நேரே திரும்ப ஏற்றிக்கொள்ளும். செடிகள் அப்படிச் செய்வதில்லை. முதலில் அதன் அமைடைக் கழற்றி நிகோடினிக் அமிலம் ஆக்கி, அதைத்தான் மறுபடி ஏற்றும். இந்தச் சின்ன வித்தியாசத்தால் செடியில் நிகோடினிக் அமிலம் ஒரு நாற்சந்தியாகிவிடுகிறது. திரும்ப என்.ஏ.டி.க்கும் போகலாம், வேறு தெருவிலும் திரும்பலாம்.

சந்தியில் கூட்டம் சேரவும் கூடாது. நிகோடினிக் அமிலம் மிகுந்தால் நாற்றின் வளர்ச்சி தடைபடும். அதற்குச் செடிகள் போடும் மூடி இரண்டு வகை. வளைய நைட்ரஜனில் ஒரு மெத்தில் தொகுதியை மாட்டிவிடுவது ஒன்று, அதுவே ட்ரைகோனெல்லின். பயறு வகைகளும் காபியும் இந்த வழி. குளுக்கோஸை மாட்டிவிடுவது இன்னொன்று. புகையிலைச் செல் வளர்ப்பிலும் அராபிடாப்சிஸிலும் பார்ப்பது இது. மூடியிட்டது குப்பையில் போட்டதாகாது. காபிக் கொட்டை முளைக்கும்போது ட்ரைகோனெல்லினின் மெத்தில் கழன்று, வளையம் மறுபடி என்.ஏ.டி.க்குப் போகிறது. விதையில் பத்திரப்படுத்திய வைப்புநிதி என்று சொன்னாலும் தகும்.

அளவைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு கிராம் பச்சை இலையில் என்.ஏ.டி. சில பத்து நானோமோல்தான், எடையில் இருபது மைக்ரோகிராம் சுற்றுவட்டாரம். வெந்தயத்தில் ட்ரைகோனெல்லின் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல். மோல் கணக்கில் கிராமுக்கு எட்டுப் பத்து மைக்ரோமோல் வரும். விதையையும் இலையையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையல்ல என்றாலும், நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம் என்பது விளங்கும். துணைநொதி கைச்செலவுப் பணம், அல்கலாய்டு கிடங்கில் குவித்த சரக்கு.

அப்படிக் குவிக்க வேண்டுமானால் பட்டறையின் வாசல் அகல வேண்டும். ஆமணக்கு முளையில் அல்கலாய்டு ஏறும் நாட்களில் அந்த மூன்றாவது நொதியின் செயலும் ஏறுகிறது. புகையிலையோ இன்னும் ஒருபடி மேலே போய், அந்த நொதிக்கு இரண்டு மரபணு வைத்திருக்கிறது. ஒன்று எல்லா உறுப்பிலும் அன்றாடத் தேவைக்கு, மற்றது வேரில் நிகோடினுக்காக. இரண்டாவதை அடக்கினால் நிகோடின் சரிகிறது, செடி பிழைத்துக்கொள்கிறது.

நிகோடின் இலையில் இருக்கிறது, ஆனால் இலையில் உண்டாவதில்லை. 1942இல் டாசன் செய்த ஒட்டுச் சோதனை இதற்கு இன்றும் சிறந்த சான்று. புகையிலை வேரின் மேல் தக்காளிக் குருத்தை ஒட்டினார், தக்காளி இலையில் நிகோடின் வந்தது. தக்காளி வேரின் மேல் புகையிலையை ஒட்டியபோது அதன் இலையில் நிகோடின் அருகிப்போனது. வேரில் ஒரு பக்கம் நிகோடினிக் அமிலம் வழி பிரிடின் வளையம், மறுபக்கம் ஆர்னிதினிலிருந்து புட்ரெசின், அதில் மெத்தில் ஏறி ஐந்தணு வளையம். இரண்டும் அங்கேயே சேர்ந்து நிகோடின் ஆகிறது. பிறகு சைலம் வழி தண்ணீரோடு ஏறி இலைச் செல்களின் நுண்குமிழ்களில் அடைபடுகிறது.

வேதாரண்யம் பக்கம் மூக்குப் பொடிக்கும் மெல்லவும் புகையிலை போடுபவர்கள் மொட்டு கண்டதும் தலையைக் கிள்ளிவிடுவார்கள், பக்கக் கொழுந்தையும் ஒடிப்பார்கள். இலை தடித்து காரம் ஏறுவது இதன் பலன். நுனியிலிருந்து கீழே போகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைந்து, காயத்தால் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோனின் சமிக்ஞை எழும்ப, வேரின் நிகோடின் மரபணுக்கள் மொத்தமாக விழித்துக்கொள்கின்றன. பக்கக் கொழுந்தை ஒடிக்காமல் விட்டால் புது நுனிகள் மறுபடி ஆக்சின் அனுப்பும், இலையின் சத்தையும் பங்கு கேட்கும். பாதி வேலை செய்துவிட்டுக் காரம் வரவில்லை என்று புலம்புவது இங்கேதான். பனி ஈரம் காயாத இலையை வெறுங்கையால் ஒடித்தால் நிகோடின் தண்ணீரில் கரைந்து தோல் வழியே ஏறும். தலைச்சுற்றல், வாந்தி, வியர்வை. ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, பனி காய்ந்த பின் இறங்குவதே சரி.

காபிக்கு வருவோம். பச்சை அராபிகாவில் ட்ரைகோனெல்லின் சுமார் 1 சதவீதம், ரோபஸ்டாவில் அதற்குக் கொஞ்சம் குறைவு. 180 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது அது சிதைந்து, ஒரு பகுதி மெத்திலை இழந்து நிகோடினிக் அமிலமாகிறது. வறுத்த பொடியில் 100 கிராமுக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை நியாசின் இருக்கும். ஆக 10 கிராம் பொடியின் டிகாக்‌ஷனில் ஒன்று முதல் நான்கு மில்லிகிராம் வரை எதிர்பார்க்கலாம். சிக்கரியிலிருந்து இந்த வகையில் எதுவும் சேராது. அதனால் பாதிக்குப் பாதி சிக்கரி கலந்த பொடியில் கணக்கும் பாதிதான். வெந்தயத்துக்கு இந்தப் பாக்கியம் குறைவு. ஊறவைத்து மாவோடு அரைத்தால் ட்ரைகோனெல்லின் ட்ரைகோனெல்லினாகவே கிடக்கும், நம் உடல் அதன் மெத்திலைக் கழற்றி வைட்டமினாக்கிக்கொள்வது சொற்பம். வாணலியில் பொன்னிறமாக வறுப்பதும் போதாது, கருக விட்டால் குழம்பு கெடும். வெந்தயத்தில் நியாசின் நிறைய என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்.

கடலூர், புதுச்சேரி கல்லூரி ஆய்வகங்களில் வெந்தயத்திலிருந்து ட்ரைகோனெல்லின் பிரிப்பது செய்யக்கூடிய சோதனை. செலவு குறைவு, ஆனால் தவறும் இடங்கள் நிறைய. 10 கிராம் வெந்தயத்தைக் கொரகொரப்பாகப் பொடிக்கவும். அதில் 6, 7 சதவீதம் எண்ணெய் இருப்பதால் முதலில் ஹெக்சேன் 50 மி.லி. வீதம் இரண்டு முறை அலசி உலர்த்த வேண்டும். கடலூர் மே மாத வெயிலில் 40–60 டிகிரியில் கொதிக்கும் பெட்ரோலியம் ஈதர் கைக்கு நிற்காது, பறந்துவிடும், தீ அபாயமும் கூடுதல். ஹெக்சேனும் தீப்பிடிப்பதுதான் என்பதால் அடுப்புச் சுடர் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிறகு 80 சதவீத மெத்தனால் 60 மி.லி. ஊற்றி, 60 டிகிரி நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரம், இரண்டு முறை. வடிகட்டிச் சேர்த்து, குறைந்த அழுத்தத்தில் 50 டிகிரிக்கு மேல் போகாமல் ஆவியாக்கி, மிச்சத்தை நீரில் கரைத்து 50 மி.லி. ஆக்கினால் 10 முதல் 20 மில்லிகிராம் ட்ரைகோனெல்லின் அதில் இருக்க வேண்டும்.

மெத்தனாலுக்குப் பதில் வெறும் தண்ணீர் போதுமே என்று தோன்றும். ஊற்றிப் பார்த்தால் புனலில் சொட்டுக்கூட இறங்காது. விதையின் கால்பங்கோ அதற்கு மேலோ காலக்டோமன்னன் பிசின்தான், அது நீரில் கூழாகும். 80 சதவீத மெத்தனாலில் அது கரையாமல் பொடியோடே தங்கிவிடும்.

அடுத்த பள்ளம் இன்னும் ஆழமானது. அல்கலாய்டு என்றாலே அமிலத்தில் கரைத்து, அம்மோனியா விட்டுக் காரமாக்கி, குளோரோபாமில் இழுப்பது பாடநூல் வழக்கம். நிகோடினுக்கு அது சரி. ட்ரைகோனெல்லின் ஒரே மூலக்கூறில் நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் சுமப்பது. எவ்வளவு காரமாக்கினாலும் அதன் நைட்ரஜனின் நேர் மின்னேற்றம் போகாது, குளோரோபாமுக்குள் அது ஏறாது. குளோரோபாமை ஆவியாக்கிப் பார்த்துவிட்டு இந்த வெந்தயத்தில் ஒன்றுமே இல்லை என்று எழுதும் பதிவேடுகள் இதனால்தான். தூக்கிப்போட்ட நீர்ப்பகுதியில்தான் சரக்கு முழுதும் இருந்திருக்கும்.

பொருள்களைப் பிரித்தறியச் சாற்றைச் சிலிகா தட்டில் ஓட்டும்போதும் அதே குணம் குறுக்கே வரும். வழக்கமான கரைப்பான்களில் புள்ளி தொடக்கக் கோட்டை விட்டு நகராது. புரோப்பனால், மெத்தனால், நீர் 4:1:4 விகிதக் கலவையில் நகரும். 10 மைக்ரோலிட்டர் வைத்து, 254 நானோமீட்டர் விளக்கில் கரும்புள்ளியைத் தேடுங்கள். அல்கலாய்டைக் காட்டும் டிராகன்டார்ப் கரைசலைத் தெளித்து ஆரஞ்சு நிறம் கண்டதும் குதிக்க வேண்டாம், வெந்தயத்தில் கோலினும் இருக்கிறது, அதுவும் ஆரஞ்சு காட்டும். கோலினுக்கு வளையம் இல்லாததால் 254இல் கறுக்காது. இரண்டிலும் தெரியும் புள்ளி, ஒப்பிட வைத்த தூய தரப்பொருளின் அதே உயரத்தில் இருந்தால்தான் ட்ரைகோனெல்லின்.

தரப்பொருள் எடுப்பதிலும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடு உப்பு, மூலக்கூறு எடை 173.6. தனி ட்ரைகோனெல்லின் 137.1. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைசல் 10 மி.லி. வேண்டுமானால் உப்பை 12.7 மில்லிகிராம் நிறுக்க வேண்டும். 10 மில்லிகிராமே நிறுத்துவிட்டு அதை 1 என்று எழுதினால், மாதிரியின் விடை கால்பங்குக்கு மேல் கூடிவரும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் 265 நானோமீட்டரில் பச்சைச் சாற்றை நேராக அளப்பதும் இதே ரகம். பீனால் சேர்மங்களும் அங்கேயே உறிஞ்சுவதால் எண் ஊதிப்போகும்.

என்.ஏ.டி.யை அளப்பது இதைவிட நுட்பம். ஆக்சிஜனேற்ற வடிவம் காரத்தில் சூடாக்கினால் அழியும், அமிலத்தில் நிற்கும். ஹைட்ரஜன் ஏறிய வடிவத்துக்கு நேர் எதிர். அதனால் இலையை 0.1 கிராம் வீதம் இரண்டு பங்காக எடுத்து, ஒன்றை 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் மற்றதை 0.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடிலும் 1 மி.லி. வீதம் அரைத்து, 95 டிகிரியில் ஒரு நிமிடம் வைத்து, உடனே ஆறவைத்து நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸும் எத்தனாலும் சேர்த்து, பினசின் மெத்தோசல்பேட் வழியாக டி.சி.பி.ஐ.பி. என்ற சாயத்தின் நீலம் வெளுக்கும் வேகத்தை 600 நானோமீட்டரில் படிப்பார்கள். பினசின் மெத்தோசல்பேட் வெளிச்சத்தில் கெடும், புட்டியைத் தாளால் சுற்றாமல் மேசையில் வைத்தால் மதியத்துக்குள் எண்கள் சாய ஆரம்பிக்கும். அதைவிடப் பெரிய தப்பு வயலிலேயே நடந்துவிடுகிறது. பிச்சாவரத்தில் அலையாத்தி மரமான வெண்கண்டலின் இலையைப் பறித்து பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, படகு கரை சேர்ந்து ஆய்வகம் வந்து அரைத்தால், அது வெயிலில் நின்ற இலையின் கணக்கல்ல, பைக்குள் வெந்த இலையின் கணக்கு. இருட்டானதும் என்.ஏ.டி.பி.யின் ஹைட்ரஜன் சுமை நொடிகளில் மாறிவிடும். படகிலேயே திரவ நைட்ரஜனில் போட வேண்டும், இல்லையென்றால் அளக்காமலே இருக்கலாம். (உப்புநீர்ச் செடிகளில் ட்ரைகோனெல்லின்தான் உப்பைத் தாங்க வைக்கிறது என்ற விளக்கத்தையும் அளவு பார்த்தே ஏற்க வேண்டும். வெண்கண்டலில் அந்த வேலைக்குக் கிளைசின் பீட்டைன் குவிந்து கிடக்கிறது.)

வெற்றிலையோடு போகும் பாக்கிலும் இந்தக் குடும்பத்து வளையம் உண்டு, பாதி ஹைட்ரஜன் ஏறிய வடிவில். அரெகோலினும் நிகோடினிக் அமிலத்திலிருந்தே வருவதாகக் கருதப்படுகிறது. சுண்ணாம்பு அதன் எஸ்டரை உடைத்து அரெகெய்டின் ஆக்கும். பாக்கு, புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தப்பட்ட பொருள்.

மறுபடி வரப்போர ஆமணக்கு. அதன் ரிசினின் நிகோடினிக் அமிலம் அல்லது நிகோடினமைடிலிருந்து உண்டாகிறது. அமைடு நீரை இழந்து நைட்ரைலாகிறது, அதன் நைட்ரஜன் அப்படியே தங்குகிறது. வளைய நைட்ரஜனில் ஒன்று, ஆக்சிஜனில் ஒன்று என இரண்டு மெத்தில், இரண்டும் மெத்தியோனின் தந்தவை. செடி இதை ஒரே இலையில் விட்டுவைப்பதும் இல்லை. இலை பழுக்கும்போது ரிசினினை உருவி, கொழுந்துக்கும் காய்க்கும் அனுப்பிவிடுகிறது. ரிசினின் அளக்க மாதிரி எடுப்பவர்கள் நுனியிலிருந்து எத்தனையாவது இலை என்று எண்ணிப் பறித்து, எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். வரப்பில் விழுந்து கிடக்கும் மஞ்சள் இலையைப் பொறுக்கி வந்தால், செடி ஏற்கனவே காலி செய்துவிட்டுப் போன வீட்டைத்தான் சோதிக்கிறோம்.